நான்காம் புள்ளியின் சேறு

வாலுவின் அம்மாவுக்கு, வாலுவின் அப்பா எழுதிக்கொள்வது.

நான் இங்கே இருக்கிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் நலமாக இருக்க வேண்டும். உன் அண்ணனையும் அண்ணியையும் விசாரித்ததாகச் சொல். சொல்லப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு.

போன் பண்ணக் கூடாது என்று நீ சொன்னதை மீறவில்லை. வாலு குரலையாவது கேட்கலாம் என்று இரண்டு தடவை எண்ணைப் போட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். பேருந்து நிலையத்தில் நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "போய் அக்காகிட்ட சொல்லுங்க. சொன்னத எழுதி, கீழ கையெழுத்து போட்டு அனுப்புங்க. கையெழுத்து போடறதுதானே உங்க வேலை." பக்கத்தில் டிக்கெட் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ பார்க்கவில்லை.

வீட்டுச் செய்தி: பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் ஒழுகியதைச் சரிசெய்துவிட்டேன். வாலு சுவரில் வரைந்த யானையை, வீட்டுக்காரர் வெள்ளையடிக்க ஆள் அனுப்பியபோது, அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் விடுப்பு என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். சமையல் நடக்கிறது. ஒரு நாள் உப்புக் கரிக்கிறது, மறுநாள் உப்பே இல்லை. சராசரி போட்டால் சரியாக இருக்கும். நீ சிரிக்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கீழ்வீட்டு அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். படகண்ணன்தான் பெண்டாட்டியைக் காலையில் கூட்டிக்கொண்டு போய் மதியம் கூட்டி வருகிறார். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். முதல் தடவை ஆரஞ்சுப் பழம் வாங்கிப்போனேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது ஆகாதாம், நர்ஸ் பையோடு பிடுங்கி வைத்துக்கொண்டார். ரசாயனம் படித்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அக்கா சிரித்தார். நீ ஏன் ஊருக்குப் போனாய் என்று கேட்டார். உன் அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்றேன். ஆக, சொல்லப் போன இடத்தில் இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் தடவை கட்டிலைச் சுற்றி ஆட்கள். நல்ல சாக்கு. மனசுக்குள் அப்பாடா என்று இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்காவிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன். அன்று நீ கேட்டபோது பாதியைத்தான் சொன்னேன்.

போன வருடம் மழைக்கு முன்னால், எங்கள் ஆய்வகத்திலிருந்து வழக்கம்போலக் கடலடிச் சேறு எடுக்கப் போனோம். எண்ணெய் மேடையைச் சுற்றி ஆறு இடங்கள். படகண்ணன்தான் படகு ஓட்டினார், அவர்தான் கவ்வியை இறக்கினார். இரண்டு தாடை வைத்த இரும்புப் பெட்டி அது. அடியில் போய் ஒரு கடி சேற்றைக் கவ்விக்கொண்டு வரும். மேலாக இருக்கும் இரண்டு விரல் கனத்தை மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்து எடுப்பேன். இரும்புக் கரண்டி பட்டால் கணக்கு கெட்டுவிடும். ஆய்வகத்தில் காயவைத்து, அரைத்து, சலித்து, அமிலத்தில் கரைத்து இயந்திரத்துக்குக் கொடுத்தோம். மற்ற ஐந்து இடங்களும் பழையபடி இருந்தன. நான்காம் புள்ளியில், சிறுநீரகத்தைக் கெடுக்கும் காட்மியம் ஒன்பது மடங்கு, ஈயம் ஆறு மடங்கு. மேடையிலிருந்து கழிவு நீர் வெளியேறும் குழாய் அந்தப் பக்கம்தான். துளை போடும்போது ஊற்றும் கனத்த சேற்றின் மிச்சமும் அங்கேதான் கொட்டப்படுகிறது. அதற்குப் பின்னால் மணல் திட்டு. கடல் வற்றும்போது அக்கா இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு சிப்பி தோண்டுகிற அதே திட்டு.

சேறு எடுத்த பை அழுக்காக இருந்திருக்கும், திரும்பச் செய்யுங்கள் என்றார் மேலாளர். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதேதான். அப்புறம் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஒரு இடத்தை வைத்து ஊரைப் பயமுறுத்த வேண்டாம், ஆறுக்கும் சேர்த்துச் சராசரி போடுங்கள் என்றார். போட்டேன். வரம்புக்குள் வந்துவிட்டது. கையெழுத்தும் போட்டேன். வேலை போய்விடும் என்று அவர் மிரட்டவில்லை. நானாகவே பயந்துகொண்டேன்.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். மறுநாள் அக்கா நமக்குக் கொடுத்தனுப்பிய கிண்ணத்திலிருந்து பத்துச் சிப்பியை எடுத்து டிபன் பாக்ஸில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். யாரும் இல்லாத நேரத்தில் அதையும் இயந்திரத்தில் கொடுத்தேன். சேற்றில் இருந்தது சிப்பியிலும் இருந்தது. அன்று சாயங்காலம் வந்துதான், எனக்குச் சிப்பி ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பு அரிக்கிறது, வாசனையே ஆகாது, இனி வீட்டில் சமைக்காதே என்று உன்னிடம் சொன்னேன். நீ அதை அக்காவிடம் சொன்னாய். அவர் எனக்காக ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்தார்.

என் பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன். பதினாலு மாதம்.

இன்னும் சொல்லாததால் கையெழுத்துப் போடவில்லை. வாலுவுக்கு என் முத்தம்.

*

வாலுவின் அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை. படகண்ணன் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தார். அக்கா கையில் ஊசிக் குழாய் போட்டு, ரத்தம் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோரப் படுக்கை. கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்து எழுந்தேன். கண்ணைத் திறக்காமலே பேசினார். நீ நம்ப மாட்டாய். "அந்த அரிப்பு இப்ப எப்படி இருக்கு தம்பி? எனக்கும் இப்ப உடம்பெல்லாம் அரிக்குது. சிறுநீரகம் போனா அப்படித்தானாம். அன்னிக்கு நீங்க எவ்வளவு தவிச்சிருப்பீங்கன்னு இப்பத்தான் புரியுது."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அரிப்பே இல்லை அக்கா, பொய் சொன்னேன் என்றேன். திட்டின் சேற்றில் என்ன இருந்தது, சிப்பியில் என்ன இருந்தது, எத்தனை மாதமாக எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் நோய்க்கு இதுதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, இடுப்பு வலிக்கு நீங்கள் வருஷக்கணக்காகப் போட்ட மாத்திரையாகவும் இருக்கலாம் என்றேன். டாக்டர் சொன்னது அதுதான். ஆனால் அந்த இடத்தில் நான் அதைச் சொன்னது உண்மைக்காகவா, தப்பித்துக்கொள்ளவா என்று எனக்கே தெரியவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

இயந்திரம் ஒரு தடவை கூவியது, நர்ஸ் வந்து எதையோ தட்டிவிட்டுப் போனார். பிறகு அக்கா கேட்ட முதல் கேள்வி, வாலு சாப்பிட்டாளா என்பது. தெரிந்த பிறகு இல்லை, அன்றோடு நிறுத்திவிட்டேன் என்றேன். நல்ல வேளை என்றார். மனசாரச் சொன்னார். குத்திக்காட்டுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

அப்புறம் அவர் முகம் மாறியது. எதையோ எண்ணிப் பார்க்கிற மாதிரி உதடு அசைந்தது. "எம்பொண்ணு மாசமா இருந்தாளே தம்பி. அவிச்சுக் காயவச்சு டப்பா டப்பாவா பஸ்ல குடுத்தனுப்பினேனே."

அவர் மகளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. எடை குறைவாகப் பிறந்தது என்று நீ வருத்தப்பட்டுச் சொன்னது நினைவிருக்கிறதா? எத்தனையோ குழந்தைகள் எடை குறைவாகப் பிறக்கின்றன. அதையும் சொல்ல வாயெடுத்தேன். அக்கா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்க போங்க தம்பி" என்றார். திட்டியிருந்தால் நின்றிருப்பேன். போங்க என்று மரியாதையாகச் சொன்னதால் போக வேண்டியதாயிற்று.

படகண்ணன் மாடிப்படியில் எதிர்ப்பட்டார். அவரிடமும் அங்கேயே சொன்னேன். மருந்துப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. "நாலாவது எடமா? அங்க கவ்விய எறக்குனது நான்தானே. என் கையாலதானே சேத்த அள்ளிக் குடுத்தேன். அதுல என்ன இருந்துச்சுன்னு ஒரு நாளும் கேக்கலியே" என்றார். என் குற்றத்தில் அவரும் பங்கு எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார், பார். அப்படி இல்லை அண்ணே என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளைத் தொடவில்லை. "அழாதீங்க. நீங்க அழுதா நாங்க தேத்தணும். இப்ப அதுக்குத் தெம்பு இல்ல" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

அழுகை நின்றுவிட்டது. அவர் சொன்னது சரி. அழுவதுகூட அவர்களிடம் ஒன்றைக் கேட்பதுதான்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முன் நீ ஒன்று கேட்டாய். அஞ்சு பேர்ல ஒருத்தன் செத்தா, சராசரியா எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் செத்தாங்கன்னு எழுதுவீங்களா என்று. எனக்கு அப்போது கோபம் வந்தது. படிக்காதவள் மாதிரிப் பேசாதே என்றேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இந்தக் காகிதத்தில் இடம் இருக்கிறது, ஆனால் மன்னிப்பு என்ற சொல்லை இந்த வாரம் வேறு இடத்தில் செலவழித்துவிட்டேன். அங்கேயும் அது செல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வக நோட்டிலிருந்து நான்காம் புள்ளியின் மூன்று அளவுகளையும், சிப்பியின் அளவையும் தனியாக எழுதி, மேலாளர் மேஜையில் ஒரு பிரதி, மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். மேலாளர் படித்துவிட்டு, இதைப் போன வருடமே ஏன் பிடிவாதமாகச் சொல்லவில்லை என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அவரும் என் கையெழுத்தை நம்பித்தான் தூங்கியிருக்கிறார் போல.

நீ கேட்டபடி கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த ஒன்றாவது ஒழுங்கான கையெழுத்து.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா

*

அன்புள்ள உனக்கு,

அக்கா போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறரை மணி இருக்கும். படகண்ணன் உன் அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னதாகச் சொன்னார். ஆகவே உனக்குத் தெரிந்திருக்கும். நீ வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. உன்னால் வர முடியாது என்று எனக்குத் தெரியும். அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன் என்றுதானே நீ ஊருக்கே போனாய்.

நான் சொன்ன பிறகு பதினோரு நாள் இருந்தார். ஒன்பதாம் நாள் இனி இயந்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இதயமும் பலவீனமாகிவிட்டது, போட்டாலும் தாங்காது என்று டாக்டரும் சொன்னாராம். என்னைப் பற்றிப் பேசினாரா என்று படகண்ணனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. என் மனசு ஒரு வார்த்தைக்கு ஏங்குகிறது. ஏங்கிக்கொண்டு கிடக்கட்டும். அவர் ஒன்றும் சொல்லாமல் போனதுதான் எனக்கு உரியது என்று நினைக்கிறேன்.

கடைசி யாத்திரைக்குப் பின்வரிசையில் நடந்தேன். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கிறதாம். மீன்வளத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து, திட்டைச் சுற்றிக் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். அதனால் வந்த வினையையும் எழுத வேண்டும். திட்டில் தோண்டுகிற இருபது முப்பது பெண்களுக்கு வேலை இல்லை. தூரத்து முகத்துவாரத்தில் எடுக்கிற நல்ல சிப்பியையும் சந்தையில் யாரும் தொடுவதில்லை. போன திங்கட்கிழமை சந்தைக் கொட்டகைக்குப் போய், எந்த இடம் கெட்டது, எந்த இடம் நல்லது என்று அளவுகளைப் படித்துச் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். வயதான ஒரு அம்மா எழுந்து, "போன வருஷம் எல்லாம் சரின்னு எழுதினதும் நீதானே? இப்ப எதை நம்பறது?" என்று கேட்டார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் நம் வாசலில் யாரோ ஒரு கூடைச் சிப்பியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வெயிலில் நாறிக் கிடந்தது. அள்ளிக் கழுவினேன்.

அலுவலகத்தில் மேலாளரையும் மாற்றிவிட்டார்கள். எண்ணெய் மேடையின் உச்சித் தீ வழக்கம்போல எரிந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து யாரும் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை எழுதக் காரணம் வேறு.

அக்காவின் மகள் குழந்தையோடு கீழ்வீட்டில்தான் இருக்கிறாள். புருஷன் வேலைக்குத் திரும்பிவிட்டான். படகண்ணன் பகலெல்லாம் படகடியில் போய் உட்கார்ந்துகொள்கிறார், ஓட்டுவதில்லை. புதன்கிழமை அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அம்மா எல்லாம் சொன்னாங்க என்றாள். நான் தலையைக் குனிந்து நின்றேன். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "சேத்த பாத்தீங்க, சிப்பிய பாத்தீங்க. இவன பாருங்க" என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டாள்.

வாலு இந்த வயதில் இருந்ததைவிட லேசாக இருக்கிறான். என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். இவனை ஆய்வகத்தில் பார்க்க முடியாதும்மா, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், பெரிய மருத்துவமனையில்தான் செய்வார்கள் என்றேன். ஏற்பாடு பண்ணுங்க என்றாள். என்னோடு முன்பு வேலை பார்த்தவன் ஒருவன் அங்கே இருக்கிறான். மறுநாளே மூன்று பேருமாகப் பேருந்தில் போனோம். பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் குழந்தை தூங்கிக்கொண்டு வந்தான்.

முடிவு நேற்று தபாலில் வந்தது. ஒட்டிய உறை. நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. பயமாக இருக்கிறது என்றாள். நான் படித்துச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, நீங்கள் வேண்டாம், நீங்கள் சொன்னால் நம்பவும் முடியாது, நம்பாமலும் இருக்க முடியாது என்றாள். அப்பாவுக்குப் படித்தால் புரியாது. புருஷன் வருவதற்கு மாதக் கடைசி ஆகும். பிறகு தானாகவே கேட்டாள். "அக்கா எப்ப வருவாங்க? அவங்க பக்கத்துல இருந்தா பிரிப்பேன்." உன்னைத்தான் கேட்டாள். அவள் அம்மாவைத் தவிர இந்தக் கட்டடத்தில் அவள் மனசுவிட்டுப் பேசிய ஒரே ஆள் நீ. உனக்கு எதுவும் தெரியாது, தெரிந்த அன்றே ஊருக்குப் போய்விட்டாய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அது மட்டும் இந்தப் பதினாலு மாதத்தில் நான் தயங்காமல் சொன்ன உண்மை.

உறை இப்போது கீழ்வீட்டு அலமாரியில், குழந்தையின் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. நன்றாகவும் இருக்கலாம். தாய்க்குள் போன காட்மியம் எல்லாம் பிள்ளைக்குப் போவதில்லை, பாதிக்கு மேல் தாயிடமே தங்கிவிடும் என்று படித்திருக்கிறேன். ஆனால் படித்ததைச் சொல்லித் தேற்றுகிற தகுதியை நான் இழந்துவிட்டேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, நல்லதோ கெட்டதோ, அவள் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். இருக்கிறதை இருக்கிறபடி படி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இரண்டு நாள் வந்துவிட்டுப் போ. வாலுவை உன் அண்ணியிடம் விட்டுவிட்டு வந்தாலும் சரி, கூட்டி வந்தாலும் சரி. கீழ்வீட்டிலேயே தங்கிக்கொள், படகண்ணனிடம் சொல்லிவிட்டேன். என்னைப் பார்க்க வேண்டும் என்று இல்லை. நீ இருக்கும்வரை நான் இறங்கி வர மாட்டேன். நீ மாடி ஏற வேண்டாம்.

கதவை மட்டும் தாழ் போடாமல் வைத்திருக்கிறேன்.

குழந்தைகள் நன்றாக இருக்கட்டும். நம்முடையதும், அவர்களுடையதும்.

இப்படிக்கு,
உன் வார்த்தையை எதிர்பார்த்து,
வாலுவின் அப்பா